யாரும் சேமிக்காத மலை

சிட்டு அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணி வெயில் ஓடுதளத்தில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளை வாசலில் இறக்கிவிட்ட பேருந்து திரும்பிப் போனதும் கண்ணுக்கெட்டிய வரை புல், கம்பி வேலி, தூரத்தில் நீலமாக ஒரு மலைத்தொடர். அவ்வளவுதான். ஊர் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

சிட்டு என்பது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். ஆள் குள்ளம், நடை வேகம். முப்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. பதினோரு வருடமாகக் கணினிகளைப் பழுதுபார்க்கிறவள். விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. "பேருதான் சிட்டு, தரையை விட்டுக் கால் எழும்பினதில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தரையிலேயே பறக்கப் பழகும் சிமுலேட்டர் அறை விமானக் கொட்டகையின் பின்மூலையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. திரையில் வெளிச்சம் விழக் கூடாது என்று சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாவற்றுக்கும் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் உச்சிவெயில் நேரத்திலும் கும்மிருட்டு. பழைய விமானம் ஒன்றின் முன்பகுதியை வெட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள், எதிரே மூன்று பெரிய திரைகள். ஒவ்வொரு இருக்கையின் காலடியிலும் விமானத்தைத் திருப்ப ஒரு ஜோடி மிதிகள். இரண்டு ஜோடியையும் ஒரே கம்பி இணைத்திருந்தது. இடது பக்கத்து ஆள் மிதித்தால் வலது பக்கத்து மிதியும் கூடவே அமுங்கும்.

அறைக்குள் ஈர மண் வாடை அடித்தது. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் பெரிய கேப்டன் என்றார்கள். அவர் வாசல்படியிலேயே நின்றுகொண்டு பேசினார். அறைக்குள் கால் வைக்கவில்லை.

"இங்க கேபிள் கிடையாதும்மா. செல்போன் டவர்ல இருந்து வர்ற இன்டர்நெட்தான். மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு அளவு. இந்த மெஷின் பதினஞ்சாம் தேதிக்குள்ள அத்தனையையும் குடிச்சிடுது. அதுக்கப்புறம் வானிலைப் படம் வர மாட்டேங்குது. படம் வரலைன்னா பசங்களை எப்படி மேல அனுப்புறது?"

"குறைச்சிடலாம் சார்."

"குறைச்சே ஆகணும். போன வருஷம் மாதிரி..."

பாதியில் நிறுத்திவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல் திரும்பிப் போய்விட்டார்.

வானிலை மேசை அந்த அறைக்கு வெளியே, கொட்டகையின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. ஒரு கணினி, ஒரு ரேடியோ, ஒரு மைக். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். வானத்தில் இருக்கிறவர்கள் ரேடியோவில் கேட்டால், திரையைப் பார்த்து மேகம், காற்று, மழை நிலவரம் சொல்வது அவள் வேலை. சிட்டு முதல் நாளே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அக்காவும் பிளாஸ்கிலிருந்து தனக்கு ஊற்றிய டீயில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள்.

"எப்படிக் குறைப்ப?" என்று கேட்டாள் அக்கா.

"சுலபம்க்கா. இந்த மெஷின் மலை, ஆறு, வீடு எல்லாத்தையும் படமா இன்டர்நெட்ல இருந்து இழுத்துக் காட்டுது. நேத்து இழுத்த அதே ஆத்தை இன்னிக்கும் புதுசா இழுக்குது. ஒருதரம் இழுத்ததை டிஸ்க்ல பத்திரமா வெச்சுக்கச் சொல்லிட்டா மறுபடி இழுக்காது. அதுக்குப் பேரு கேஷ்."

"கேஷா? அதுக்கு நீ கேஷியரையில்ல பாக்கணும்?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சேமிச்சு வெச்ச படத்தைக் காட்டும்போது, இது பழசுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. ஆனா அதனால என்ன? மலையும் ஆறும் எங்க ஓடிப்போகப் போகுது?"

அதற்கு அக்கா சிரிக்கவில்லை.

மதியம் சிட்டு வேலையைத் தொடங்கினாள். சேமிப்பு வசதி அணைத்துக் கிடந்தது. அதை முடுக்கி, டிஸ்கில் தாராளமாக இடம் ஒதுக்கினாள். பயிற்சி மாணவர்கள் பறக்கும் பாதை எப்போதும் ஒன்றுதான்: ஓடுதளம், ஆறு, ஊர், மறுபடி ஓடுதளம். அதை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தால் போதும், எல்லாப் படமும் டிஸ்கில் உட்கார்ந்துவிடும். சிமுலேட்டருக்குத் தேவையில்லாத நேரடி வானிலையையும், பக்கத்தில் பறக்கும் விமானங்களைக் காட்டும் வசதியையும் நிறுத்தினாள்.

பிறகுதான் இன்னொரு பட்டியலைத் திறந்தாள். நமக்கு வேண்டிய இடத்தை வரைபடத்தில் நாமே கட்டம் போட்டுச் சேமித்துக்கொள்கிற பட்டியல் அது. அதில் ஏற்கெனவே ஒரு கட்டம் இருந்தது.

ஓடுதளத்தின்மீதோ ஆற்றின்மீதோ இல்லை. தூரத்து மலைத்தொடரின் நடுவில், ஒரு பள்ளத்தாக்கின்மேல் சின்னதாக ஒரு சதுரம். இருப்பதிலேயே மிகத் துல்லியமான தரத்தில் சேமிக்கப்பட்டிருந்தது. போன வருடத்துத் தேதி. பயிற்சி மாணவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

யாரோ வேடிக்கை பார்க்கச் சேமித்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை கட்டம் மறுபடி இருந்தது. அதே இடம், அதே அளவு, அதே பழைய தேதி.

முந்தைய நாள் எவ்வளவு டேட்டா செலவானது என்று பார்த்தாள். அவள் போன பிறகு ஒரு துளிகூட இறங்கவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இணையத்திலிருந்து எதுவுமே வராமல் இவ்வளவு பெரிய படம் எங்கிருந்து வந்தது?

யாரோ விளையாடுகிறார்கள் என்று முடிவு கட்டினாள். அழித்தாள். இணைய ஒயரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை கட்டம் இருந்தது.

அவள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். ஒயர் உள்ளேதான் சுருண்டு கிடந்தது.

தனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவரின் எண்ணை அலுவலகத்தில் வாங்கி, கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்று போன் செய்தாள். அவர் நன்றாகத்தான் பேசினார். எந்த ஸ்க்ரூ எந்த டப்பாவில் இருக்கிறது என்றெல்லாம் கேட்காமலே சொன்னார். கட்டத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. எத்தனை தரம் அழிச்ச?"

"ரெண்டு தரம்."

"நான் மூணு தரம். நாலாவது நாள் வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"யாருண்ணே அதைப் போட்டது?"

"யாரும் போடல. நம்ம ஸ்கூல்ல சின்ன கேப்டன்னு ஒருத்தர் இருந்தார். நல்ல மனுஷன். போன வருஷம் ஒரு விமானத்தை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்னு தனியா கிளம்பினார். இன்னிவரைக்கும் அவரும் கிடைக்கல, விமானமும் கிடைக்கல. அவர் போய் மூணாம் நாள் இந்தக் கட்டம் தானா வந்துச்சு."

சிட்டு கொட்டகையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "வானிலை மேசையில ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க பாரு. அவங்க அவரோட சம்சாரம். அவங்க காதுல எதையும் போட்டுடாத. அப்புறம், நீ அந்தக் கட்டத்துக்குள்ள பறந்து மட்டும் பாக்காத."

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்கிற ஜென்மம் இல்லை சிட்டு. ஆனால் அன்றைக்கு அவளைப் பிடித்துத் தள்ளியது ஆசையில்லை. அந்த அக்கா தனக்குக் கொடுத்த அரை டம்ளர் டீதான் கண்முன் நின்றது. எவனோ அக்காவை வைத்து விளையாடுகிறான் என்றால் அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இணைய ஒயர் அவள் பையில். இடது இருக்கையில் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டி, வானத்தை மேகமே இல்லாத நீலமாக அமைத்துவிட்டு ஓடுதளத்திலிருந்து கிளம்பினாள். மூன்று நாளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுக் கேட்டு அந்த அளவுக்கு ஓட்டப் பழகியிருந்தாள்.

ஆறு கடந்தது. ஊர் கடந்தது. அதற்கப்பால் இணையம் இல்லாததால் தரை வெறும் பச்சைக் கறையாகக் கிடந்தது. வீடில்லை, மரமில்லை, பாதையில்லை.

பிறகு கட்டம் வந்தது.

கத்தியால் வெட்டி ஒட்டியதுபோல் அந்த ஒரு சதுரம் மட்டும் உயிரோடு இருந்தது. பாறை ஒவ்வொன்றும் தெரிந்தது. மரங்களின் கிளை தெரிந்தது. கிளையிலிருந்து சொட்டும் நீர் தெரிந்தது. எந்தச் சிமுலேட்டரும் அப்படிக் காட்டாது என்று பதினோரு வருட அனுபவம் அவளுக்குச் சொன்னது.

திரையின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ ஊர்ந்து வந்தது.

மேகம்.

அவள் அமைப்பைத் திறந்து பார்த்தாள். 'தெளிந்த வானம்' என்றே இருந்தது. மேகம் மூன்று திரைகளையும் மூடியது. பாறை மறைந்தது. மலை மறைந்தது. வெள்ளை, வெறும் வெள்ளை.

அறை குளிர்ந்தது. ஈர மண் வாடையோடு இப்போது எரிபொருள் வாடையும் சேர்ந்து அடித்தது. அவள் மூக்குக் கண்ணாடியில் நீர் படிந்தது.

காலடியில் இடது மிதி மெல்ல அமுங்கியது.

அவள் மிதிக்கவில்லை.

காலை எடுத்து இருக்கைக்குமேல் மடக்கிக்கொண்டாள். மிதி மேலே வந்தது. மறுபடி அமுங்கியது. வலது பக்கத்து மிதியில் யாரோ கால் வைத்து, அவசரமில்லாமல், பழகிய காலால் விமானத்தை நேராக்கிக்கொண்டிருந்தார்கள்.

வலது பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஹெட்செட்டில் ஒரு கரகரப்பு. பிறகு ஒரு ஆண் குரல். களைத்த குரல், ஆனால் மரியாதையான குரல்.

"மலை வாய்க்கு வந்துட்டேன். வானிலை என்ன?"

சிட்டு ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். அது தரையில் விழுந்து கிடந்தபடியே கேட்டது.

"வானிலை என்ன?"

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்து விழுந்தபோது கொட்டகைக்குள் வெயில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. ஒரு மெக்கானிக் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தான். கண்ணாடித் தடுப்புக்குள் அக்கா ரேடியோவின் ஒலியைக் குறைக்கும் குமிழைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தையும் பார்த்தாள்.

"கேட்டாரா?" என்றாள்.

"யாருக்கா?"

"வானிலை கேட்டாரா?"

சிட்டு தலையாட்டினாள். அக்கா எழுந்து தடுப்பின் கதவைச் சாத்தினாள்.

"எனக்கும் தினம் இந்த நேரத்துக்கு ரேடியோவுல வரும். அதான் பதினொன்னு நாப்பதுக்குச் சத்தத்தைக் குறைச்சு வெச்சிடுவேன். ரெண்டு நிமிஷம். அப்புறம் போயிடுவார்."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது?" அக்கா கைகளைப் பிசைந்தாள். "அவர் காணாமப்போன அன்னிக்கும் டேட்டா காலி. அந்த மெஷின்ல பசங்க அந்த மாசம் பூரா பறந்திருந்தாங்க. வானிலைப் பக்கம் திறக்கவே இல்ல. நான் திரும்பத் திரும்ப அழுத்தினேன். திடீர்னு படம் வந்துச்சு. மலை மேல மேகமே இல்ல. அவர் கேட்டார், 'மலை வாய்க்கு வந்துட்டேன், வானிலை என்ன'ன்னு. தெளிவா இருக்கு, தாராளமா போங்கன்னு சொன்னேன்."

அவள் வானிலைத் திரையின் ஓரத்தை விரலால் தொட்டாள்.

"அது முந்தின நாள் படம், சிட்டு. கம்ப்யூட்டர் சேமிச்சு வெச்சிருந்ததைக் காட்டியிருக்கு. ஓரத்துல பொடி எழுத்துல தேதி இருந்துச்சு. நான் பாக்கல."

"அக்கா, இது உங்க தப்பில்லையே..."

"இன்னும் முடியல. பெரிய கேப்டன் வந்தார். வெளியில தெரிஞ்சா ஸ்கூலை மூடிடுவாங்க, உன்னையும் பிடிச்சுக் கேள்வி கேப்பாங்கன்னார். அந்த நேரத்துக்கு என் வீட்டுக்காரர்கிட்ட இருந்து அழைப்பே வரலைன்னு பதிவேட்டுல எழுதினோம். நான்தான் எழுதினேன், என் கையால. அதனால அவர் மலை வரைக்கும் போகவே இல்லைன்னு நினைச்சு, தேடினவங்க எல்லாரும் ஆத்துப் பக்கமே தேடினாங்க. பதினாறு நாள். மலைப் பக்கம் ஒருத்தரும் போகல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள். அந்தச் சோற்றைத்தான் அக்கா இத்தனை மாதமாகத் தின்றுகொண்டிருக்கிறாள். சிட்டுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஐஸாக இருந்தது.

"அவருக்குப் பதில் வேணும்க்கா," என்றாள். "அதான் திரும்பத் திரும்பக் கேக்கிறார்."

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு இருவரும் அறைக்குள் போனார்கள். அக்கா இடது இருக்கையில் உட்கார்ந்தாள். சிட்டு பின்னால் நின்று, கைநீட்டி விமானத்தைக் கிளப்பிக் கட்டத்தின் விளிம்புவரை கொண்டுபோனாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

மேகம் வந்தது. குளிர் வந்தது. மிதி அசைந்தது.

அக்கா வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன கண்டாள் என்று சிட்டு கடைசிவரை கேட்கவில்லை. அக்காவின் முகம் மட்டும் ஒரு கணம், புகைப்படங்களில் கல்யாணப் பெண்கள் வைத்துக்கொள்கிற முகம்போல ஆனது.

"மலை வாய்க்கு வந்துட்டேன். வானிலை என்ன?"

அக்கா ஹெட்செட்டின் மைக்கை வாயருகே இழுத்தாள்.

"மேகம்," என்றாள். "முழுக்க மேகம்ங்க. ஒண்ணுமே தெரியாது. நான் தப்பா சொல்லிட்டேன். மலைக்குள்ள போகாதீங்க."

கரகரப்பு.

"திரும்பி வாங்க," என்றாள் அக்கா. "வீட்டுக்கு வந்துடுங்க."

பிறகு இடது மிதி முழுதாக அமுங்கியது. விமானம் சரிந்து திரும்பத் தொடங்கியது. மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் மரங்களுக்கு அடியில், வெள்ளையாக ஒரு இறக்கை செருகிக் கிடந்தது.

சிட்டு திரையில் காட்டிய அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பெரிய கேப்டன் முதலில் சத்தம் போட்டார். பொம்மை விமானத்தில் பார்த்ததை வைத்து யாராவது ஆள் அனுப்புவார்களா என்றார். அக்கா அவர் மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். பதினொன்று நாற்பது அழைப்பைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். "இதோட இன்னொரு நகல் போலீஸுக்குப் போயிடுச்சு சார்," என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் சத்தம் போட்டதை யாரும் கேட்கவில்லை.

தேடும் குழு கிளம்பிப் போய் மூன்றாம் நாள் தகவல் வந்தது. விமானம் கிடைத்துவிட்டது, எண்கள் சொன்ன அதே இடத்தில். முன்பக்கம் நசுங்கியிருந்தது, ஆனால் விமானி அமரும் இடம் அப்படியே இருந்தது. காலியான ஒரு தண்ணீர் பாட்டில். முகப்புப் பலகையில் ஆணியால் கீறியதுபோல் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கோடுகள்.

மூன்று நாள். மூன்று நாள் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

உடல் இல்லை. காட்டு மிருகம் இழுத்துப் போயிருக்கும் என்று குழுவில் வந்தவர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். ஏனென்றால் இருக்கையின் பெல்ட் பூட்டியபடியே இருந்தது. ஆளை இழுத்துப்போன பிறகு பெல்ட்டைத் திரும்பப் பூட்டிவிட்டுப் போகிற மிருகம் எது?

அன்று மாலை சிட்டு அறையைத் திறந்தாள். இனிமேல் கட்டம் இருக்காது என்று நம்பித்தான் திறந்தாள்.

கட்டம் இருந்தது. ஆனால் மலையில் இல்லை. மலையடிவாரத்தில் இருந்தது.

மறுநாள் ஊரின் விளிம்பில். அதற்கு மறுநாள் ஆற்றங்கரையில். ஒரு ஆள் நடந்து வருகிற வேகத்தில் அந்தச் சதுரம் வரைபடத்தில் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சிறியதாக, கொஞ்சம் துல்லியமாக.

வீட்டுக்கு வந்துடுங்க என்று அக்கா சொன்னது சிட்டுவின் காதில் ஒலித்தது.

ஆறாம் நாள் கட்டம் ஓடுதளத்தைத் தாண்டியிருந்தது. பள்ளிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு இருந்தது. கட்டம் அதில் மூன்றாவது வீட்டின்மேல், ஒரு அங்குலம்கூட வெளியே போகாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அக்காவின் வீடு.

அன்று அக்கா வேலைக்கு வரவில்லை.

சிட்டு ஓடினாள். மதியம் ஒரு மணி. தார்ச்சாலை உருகிக் காலைச் சுட்டது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாகப் பனி படிந்து வெளுத்திருந்தன. கதவு சும்மா சாத்தியிருந்தது. திறந்ததும் முகத்தில் குளிர் அறைந்தது.

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"மெதுவா பேசு. இப்பதான் படுத்தார்."

"அக்கா, எழுந்து வாங்க. வெளியில போகலாம்."

"ரொம்பக் களைச்சுப் போயிட்டார், சிட்டு. மலையில இருந்து நடந்தே வந்திருக்கார்."

உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதன் இடுக்கு வழியாக வெள்ளையாகப் புகைபோல் ஏதோ தரையில் வழிந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது, கனமான ஆள் ஒருக்களித்துப் படுத்ததுபோல.

சிட்டு உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அக்காவின் தோளைப் பிடித்துத் தூக்கி, வெயிலுக்கு இழுத்து வந்து, ஊரில் தான் தங்கியிருந்த அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். அக்காவின் தங்கைக்குப் போன் செய்தாள். அடுத்த நாளே தங்கையும் தங்கையின் கணவரும் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா எதிர்ப்பேச்சு எதுவும் பேசவில்லை. கார் கிளம்பும்போது மட்டும் ஜன்னல் வழியாக, "நான் போற இடம் அவருக்குத் தெரியாதே," என்றாள். அது வருத்தமா, நிம்மதியா என்று சிட்டுக்குப் பிடிபடவில்லை. அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. யாருக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தாள்.

பழைய டிஸ்கைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினாள். புதியது போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவினாள். கட்டம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். ஓடுதளம், ஆறு, ஊர் மட்டும் டிஸ்கில் இருந்தன. மாதம் முடியும்போது டேட்டா பாதிக்குமேல் மிச்சம். முப்பதாம் தேதியும் வானிலைப் படம் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. பெரிய கேப்டன் நீண்ட விடுப்பில் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் சிட்டுவின் வேலையைப் பாராட்டி எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை பேசினார். ஈர மண் வாடைகூட அறையை விட்டுப் போய்விட்டது.

அக்கா போன ஐம்பத்தோராவது நாள் பட்டியலில் ஒரு கட்டம் இருந்தது.

சிட்டு முதலில் அது தானே போட்ட கட்டம் என்று தன்னை நம்பவைக்கப் பார்த்தாள். வரைபடத்தை நகர்த்தினாள். நகர்த்திக்கொண்டே போனாள். ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால், அவள் பார்த்தே இராத ஒரு பெருநகரத்தில், நெருக்கமான ஒரு தெருவில், நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின்மேல் அந்தக் கட்டம் இருந்தது. கட்டிடம் முழுக்கக்கூட இல்லை. ஒரே ஒரு வீட்டின் அளவு.

அக்காவின் எண்ணை அழுத்தினாள். நான்காவது மணியில் எடுத்தாள். குரலில் பதற்றம் எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், தங்கை பார்த்துக்கொள்கிறாள் என்றாள். தங்கையும் அவள் கணவரும் வேலைக்குப் போயிருப்பதாகவும், தான் மட்டும் வீட்டில் இருப்பதாகவும் சொன்னாள்.

"அக்கா, நீங்க இருக்கிறது எந்த மாடி?"

"மூணாவது. ஏன்?"

சொல்வதா வேண்டாமா என்று சிட்டுக்குத் தெரியவில்லை. வேறு என்ன பேசுவது என்றும் தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டாள்.

"அங்க வெயில் எப்படிக்கா?"

"வெளியில நல்ல வெயில்தான், சிட்டு." அக்காவின் குரல் சட்டென்று தாழ்ந்தது, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "வீட்டுக்குள்ளதான் மேகமா இருக்கு."